தண்டுவடக் கால்வாய் ஆபரேஷனில் முதுகெலும்பின் உறுதியைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்புக்குள் தண்டுவடமும் நரம்புகளும் ஓடும் கால்வாய் சுருங்கி நரம்பு அமுங்கினாலும், உள்ளே கட்டி வளர்ந்தாலும், எலும்பைத் திறக்காமல் அங்கே போக முடியாது. திறந்த பிறகும் அந்த முதுகு உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும். ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களும் அவர்கள் வீட்டாரும், பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் இது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் படங்களையும் உங்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும்.

முதுகெலும்பு "உறுதியாக" இருக்கிறது என்றால் என்ன பொருள்?

வொயிட், பஞ்சாபி என்ற இரு ஆய்வாளர்கள் தந்த விளக்கத்தைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அன்றாட பாரத்தைச் சுமக்கும்போது எலும்புகள் அளவுக்கு மீறி நகரக் கூடாது. அந்த நகர்வால் தண்டுவடமோ நரம்பு வேரோ சேதமாகக் கூடாது. முதுகின் வடிவம் கோணக் கூடாது. முடக்கும் வலி வரக் கூடாது. உறுதி குலைந்தது ஆபரேஷன் டேபிளில் தெரியாது. நோயாளி எழுந்து நடமாடி மாதங்களோ வருடங்களோ ஆன பிறகுதான் பெரும்பாலும் வெளியே வரும்.

எந்தப் பகுதியை எடுத்தால் உறுதி போகும்?

முள்ளெலும்பின் முன்பக்கம் பருத்த உடல் பகுதி. அதிலிருந்து பின்னோக்கி இரண்டு தண்டுகள் கிளம்புகின்றன, இவை பெடிக்கிள். கால்வாய்க்கு மேல் கூரைபோல் மூடியிருக்கும் தகடு லேமினா. நடுவில், முதுகில் கை வைத்தால் தட்டுப்படுவது முள் நீட்சி. இரண்டு பக்கமும் மேல் எலும்பும் கீழ் எலும்பும் சேரும் சிறிய மூட்டுகள் ஃபேசெட். மேல் ஃபேசெட்டையும் கீழ் ஃபேசெட்டையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலத்துக்குப் பார்ஸ் என்று பெயர்.

நடுக்கோட்டில் லேமினாவின் ஒரு பகுதியை எடுத்தால் இடுப்பு முதுகு பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில்தான் ஆபத்து. ஃபேசெட் மூட்டின் உள்பாதிக்குள் நின்றுகொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பாதியைத் தாண்டினால் நகர்வு கூடுகிறது. ஒரு பக்க மூட்டையே முழுதாக எடுத்துவிட்டால் அந்த மட்டத்தின் (இரண்டு எலும்புகள் சேரும் அடுக்கின்) உறுதியை நம்ப முடியாது. பார்ஸ் முறிந்தாலும் விளைவு அதேதான். அங்கே கீழ் ஃபேசெட் தனித் துண்டாகிவிடும். மூட்டு பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலை செய்யாது.

"எவ்வளவு எலும்பு எடுத்தீர்கள்?" என்று கேட்பதைவிட "எந்த எலும்பை எடுத்தீர்கள்?" என்று கேட்பதே சரி. ஒரே மட்டத்தில் இரண்டு சென்டிமீட்டர் லேமினா எடுத்தவர் நன்றாக இருப்பார். பார்ஸில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகக் குடைந்தவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. மட்டும் போதுமா?

போதாது. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. படுத்தால் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும் எலும்பு, நின்றால் முன்னே வழுக்கலாம். கைநிறைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம் கொண்டுவருபவர்களிடம் நின்றபடி எடுத்த ஒரு எக்ஸ்-ரே இல்லாமல் போவது சகஜம். நின்ற நிலையில் பக்கவாட்டு எக்ஸ்-ரே, பிறகு குனிந்தும் நிமிர்ந்தும் ஒவ்வொன்று, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. செலவு குறைவு, சொல்லும் விஷயம் அதிகம்.

இடுப்பில் குனிந்து நிமிரும்போது ஓர் எலும்பு மற்றதன் மேல் சுமார் 4 முதல் 4.5 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் உறுதியில்லை என்று கொள்வார்கள். கழுத்தில் 3.5 மி.மீ. நகர்வு, அல்லது அடுத்த மட்டத்தோடு ஒப்பிட்டால் 11 டிகிரிக்கு மேல் கோண வித்தியாசம் எச்சரிக்கை எல்லை. எம்.ஆர்.ஐ.யில் பார்க்க ஒன்று உண்டு: ஃபேசெட் மூட்டுக்குள் 1.5 மி.மீ.க்கு மேல் நீர் கோத்திருந்தால், படுத்ததால் மறைந்துபோன வழுக்கல் இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் ஃபேசெட்டின் திசையைப் பார்க்க வேண்டும். மூட்டு முன்பின்னாகத் திரும்பியிருந்தால் முன்னே வழுக்குவதைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஏற்கெனவே லேசாக வழுக்கிய மட்டத்தில் ஃபேசெட் கோணம் 50 டிகிரிக்கு மேல், டிஸ்க் (எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு) உயரம் 6.5 மி.மீ.க்கு மேல், நகர்வு 1.25 மி.மீ.க்கு மேல் என்று இருந்தால், வெறும் லேமினெக்டமிக்குப் (லேமினாவை எடுத்துவிடும் ஆபரேஷனுக்குப்) பின் மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஜவ்வு தேயாமல் உயரமாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். தேய்ந்து ஒட்டிய டிஸ்க் ஓரளவுக்குத் தானாகவே இறுகிவிடுகிறது. உயரமான டிஸ்க்கில் நகர்வதற்கு இடம் இருக்கிறது.

மட்டத்தை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். சிலருக்கு எஸ்1 (இடுப்பு முதுகுக்குக் கீழே ஒட்டிய எலும்பின் முதல் துண்டு) இடுப்பு முள்ளெலும்பு போலவே பிரிந்து நிற்கும், சிலருக்கு எல்5 (ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு) கீழே ஒட்டியிருக்கும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "எல்4-5" என்று இருப்பதும் ஆபரேஷன் அறையில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே கருவியில் எண்ணுவதும் ஒன்றாக வருகிறதா என்று முன்னதாகவே ஒத்துப் பார்க்க வேண்டும். தவறான மட்டத்தைத் திறந்தால் நல்ல மட்டமும் கெடும், அமுங்கிய நரம்பும் அப்படியே இருக்கும்.

முழு லேமினெக்டமி இப்போதும் செய்கிறார்களா?

செய்கிறார்கள். மிகக் கடுமையான சுருக்கம், பல மட்டங்கள், தொற்று, அவசரமாகத் தண்டுவடத்தை விடுவிக்க வேண்டிய நிலை என்று அதற்கென்று இடம் உண்டு. ஆனால் வயது முதிர்ந்தவரின் சாதாரண இடுப்புச் சுருக்கத்துக்கு முள் நீட்சியையும், இடையிலுள்ள தசைநார்களையும், இருபக்க லேமினாவையும் மொத்தமாக எடுக்க வேண்டிய தேவை இன்று அரிது. காரணம் எளிது: நரம்பை அமுக்குவது பெரும்பாலும் லேமினாவே அல்ல. லேமினாக்களை இணைக்கும், தடித்துப்போன மஞ்சள் தசைநாரும், கீழ் எலும்பின் மேல் ஃபேசெட்டின் உள்விளிம்பும்தான் அமுக்குகின்றன. இரண்டும் ஒரு மட்டத்தில் டிஸ்க்குக்கு நேராக உள்ள சிறிய பகுதியில் அடங்கியிருப்பவை.

ஒரு பக்கம் வழியாக இருபக்க நரம்பையும் விடுவிக்கும் முறையை எப்படிச் செய்கிறார்கள்?

எல்4-5ஐ எடுத்துக்கொள்வோம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து வயிறு தொங்கும்படி விட வேண்டும். வயிறு அழுந்தினால் கால்வாயைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்து ரத்தம் கசியும். ரத்தத்தில் எல்லை தெரியாமல் குடைவதுதான் ஃபேசெட் போகும் முதல் வழி. எலும்புகளைச் சேர்த்து இறுக்கும் ஸ்க்ரூ போடப் போவதில்லை என்றால் இடுப்பைச் சற்று மடக்கிவைக்கலாம், லேமினாக்களின் இடைவெளி விரியும். ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் அப்படி மடக்கக் கூடாது; இடுப்பின் இயல்பான வளைவு தட்டையாகவே இறுகிப்போகும்.

சி-ஆர்மில் மட்டத்தை உறுதிசெய்த பிறகு நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி 2 முதல் 3 செ.மீ. கீறல். 18 முதல் 22 மி.மீ. விட்டமுள்ள குழாய் ரிட்ராக்டர் தசை நார்களை விலக்கி உள்ளே இறங்கும். எல்4 லேமினாவின் கீழ்விளிம்பும் ஃபேசெட்டின் உள்விளிம்பும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் பக்கவாட்டில் தசையை உரிக்கக் கூடாது. ஃபேசெட்டின் உறையை காட்டரி (சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) தொடக் கூடாது.

எல்4 லேமினாவின் கீழ்ப்பாதியை 3 அல்லது 4 மி.மீ. வைரப் பர் (எலும்பைக் குடையும் சுழல் முனை) கொண்டு, தண்ணீர் விட்டபடி மெலிதாக்குகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை மஞ்சள் தசைநார்தான் சொல்லும். அது மேல் லேமினாவின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய பாதி உயரத்தில் ஒட்டுகிறது. அந்த மேல்விளிம்பு விடுபட்டு டியூராவுக்கு (தண்டுவடத்தையும் நரம்புகளையும் மூடும் உறைக்கு) வெளியே உள்ள எபிட்யூரல் கொழுப்பு தெரிந்தால் மேலே போவதை நிறுத்த வேண்டும். கீழே எல்5 லேமினாவின் மேல்விளிம்பில் சில மில்லிமீட்டர் போதும். இந்த நேரமெல்லாம் தசைநாரை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். டியூராவுக்கும் பர்ருக்கும் நடுவே இருக்கும் ஒரே திரை அதுதான்.

பிறகு ஆபரேஷன் டேபிளை எதிர்ப்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, முள் நீட்சியின் அடிப்பகுதியையும் எதிர்ப்பக்க லேமினாவின் உள்பக்கத்தையும் குடைகிறார்கள். வெளித்தகடு அப்படியே நிற்க, கூரையின் அடிப்பக்கம் மட்டும் மெலிகிறது. எதிர்ப்பக்க மேல் ஃபேசெட்டின் நுனி வரை இப்படிப் போன பிறகுதான் தசைநாரை 2 அல்லது 3 மி.மீ. கெரிசன் பஞ்ச் (கடித்தெடுக்கும் கருவி) கொண்டு துண்டுதுண்டாக எடுக்க வேண்டும். எதிர்ப்பக்க நரம்பு வேர் பெடிக்கிளின் உள்விளிம்பு வரை தளர்ந்திருக்கிறதா என்று மழுங்கிய கொக்கியால் தொட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது.

இதில் எங்கே தவறுகிறது?

நுழைந்த பக்கத்திலேயே! எதிர்ப்பக்கம் சாய்வாகப் பார்ப்பதால் மூட்டின் அடியில் குடைய முடிகிறது. நுழைந்த பக்கம் நேர்க்குத்தாகத் தெரிவதால், நரம்பு வேரைத் தேடும் அவசரத்தில் கீழ் ஃபேசெட்டையே வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பஞ்ச்சை நிமிர்த்தி வெட்டாமல், ஃபேசெட்டின் அடியில் சாய்த்துக் கொண்டுபோய் வெட்டுவது பழக்கத்தால் வருவது.

அடுத்தது பார்ஸ். குறைந்தது 5 மி.மீ. அகலமாவது விட வேண்டும், 8 மி.மீ. விட்டால் நிம்மதி. எல்5இல் லேமினா அகலம், பார்ஸ் வெளியே தள்ளி இருக்கும். எல்4-5இல் பழகிய கை எல்2-3இல் அதே அகலத்துக்குக் குடைந்தால் பார்ஸே போய்விடும். மேலே போகப் போக லேமினா குறுகி, பார்ஸ் நடுக்கோட்டை நெருங்குகிறது. மேல் மட்டங்களில் குடைவதற்கு முன் பார்ஸின் வெளிவிளிம்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து கால் வலி தீர்ந்தவருக்கு, சில வாரங்கள் கழித்து ஒரு நாள் திடீரென்று ஒரு பக்க இடுப்பு வலி வந்து, குனிந்தால் கூடுகிறது என்றால் பார்ஸ் முறிவையோ கீழ் ஃபேசெட் முறிவையோ நினைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் இது எளிதில் தப்பிவிடும், சி.டி. கேட்பதுதான் சரி.

முள் நீட்சியைப் பிளக்கும் முறை என்பது என்ன?

ஜப்பானில் உருவான வழி. முள் நீட்சியை நடுவே நெட்டுக்குப் பிளந்து, அடியில் முறித்து, ஒட்டியிருக்கும் தசையோடு இரண்டு பக்கமும் விரித்துக் கால்வாய்க்குள் போவார்கள். முடிந்ததும் இரண்டு பாதிகளையும் தையலால் சேர்ப்பார்கள். தசை எலும்பிலிருந்து உரிக்கப்படுவதே இல்லை.

நார்வேயில் 437 பேரிடம் நடந்த நார்ட்ஸ்டென் ஆய்வில் ஒருபக்க நுழைவு, இருபக்க லேமினாடமி (லேமினாவில் சிறிய திறப்பு மட்டும்), முள் நீட்சியை வெட்டி விலக்கும் முறை மூன்றையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் நோயாளிகளின் நிலையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நடுக்கோட்டு அமைப்பையும் ஃபேசெட்டையும் காப்பாற்றும் எந்த வழியும் சரிதான்; கை எதில் பழகியதோ அதில் செய்வது உத்தமம்.

எண்டோஸ்கோபியில் செய்தால் உறுதிக்கு இன்னும் நல்லதா?

தசைக்குச் சேதம் குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் உள்ளே எடுக்கும் எலும்பு கிட்டத்தட்ட அதே எலும்பு. ஒரு சென்டிமீட்டர் துளை வழியாகவும் ஃபேசெட்டை முழுதாகக் குடைந்துவிட முடியும். இரண்டு துளை முறையில் தண்ணீர் வெளியேறும் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழுத்தம் ஏறினால் நரம்புக்கு ஆபத்து. வெளித்தழும்பின் நீளத்தை வைத்து உள்ளே நடந்ததை மதிப்பிடாதீர்கள்.

எலும்பு ஏற்கெனவே வழுக்கியிருக்கிறது. ஸ்க்ரூ போட்டே ஆக வேண்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தேய்மானத்தால் வரும் முதல் கிரேடு (லேசான) வழுக்கலில், வழக்கமாக எல்4-5இல், மூன்று ஆய்வுகள் பேச்சை மாற்றின.

2016இல் ஒரே சமயத்தில் இரண்டு முடிவுகள் வெளிவந்தன. ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வில், விடுவிப்பு மட்டும் செய்தவர்களுக்கும் ஸ்க்ரூ சேர்த்து இறுக்கியவர்களுக்கும் இரண்டு வருடத்தில் வேறுபாடு இல்லை. இறுக்கியவர்களுக்கு ரத்தப்போக்கும் ஆபரேஷன் நேரமும் செலவும் அதிகம். அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த ஆய்வில், இறுக்கியவர்களின் உடல்நலக் குறியீடு ஓரளவு மேல்; மறு ஆபரேஷன் 14%, லேமினெக்டமி மட்டும் செய்தவர்களில் 34%. 2021இல் நார்வேயின் 267 பேர் ஆய்வு வந்தது: விடுவிப்பு மட்டும் செய்தது இறுக்கியதைவிடத் தாழ்ந்ததல்ல; மறு ஆபரேஷன் விடுவிப்பு மட்டும் செய்தவர்களில் 12.5%, இறுக்கியவர்களில் 9.1%.

அமெரிக்க ஆய்வில் செய்தது வழக்கமான லேமினெக்டமி. நார்வேயில் நடுக்கோட்டு அமைப்புகளைக் காப்பாற்றும் விடுவிப்பு. 34%க்கும் 12.5%க்கும் இடையிலான தூரத்தில் ஒரு பங்கு இந்த வித்தியாசத்தால் வந்தது என்பது எங்கள் கருத்து. இரண்டு நாடுகளில் மறு ஆபரேஷனுக்குப் போகும் வழக்கமும் வேறு என்பதால் முழுவதையும் இதன் கணக்கில் எழுத முடியாது.

வழுக்கல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஸ்க்ரூ போடச் சொன்னால் "குனிந்து நிமிர்ந்து எடுத்த படத்தில் எவ்வளவு நகர்கிறது?" என்று கேளுங்கள். கால் வலியைவிட இடுப்பு வலிதான் முதன்மை, நகர்வு அதிகம், நரம்பு வெளியேறும் துளையே மேலும் கீழுமாக நசுங்கியிருக்கிறது என்றால் ஸ்க்ரூவுக்கு நியாயம் உண்டு.

அப்படியானால் எப்போது ஸ்க்ரூவைத் தவிர்க்க முடியாது?

ஃபேசெட்டை முழுதாக எடுத்தால்தான் நரம்பு விடுபடும் என்ற நிலை; இருபக்கப் பார்ஸ் முறிவோடு வழுக்கல்; கட்டியோ காசநோயோ முன்பக்க எலும்பைத் தின்றுவிட்ட நிலை; முறிவு. காசநோயை நம் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டும். முதுகெலும்புக் காசநோய் பெரும்பாலும் முன்பக்க உடல் பகுதியைத்தான் அழிக்கிறது. அங்கே பின்பக்க லேமினாவை மட்டும் எடுத்தால் மிச்சமிருந்த ஒரே தாங்குதலும் போய், முதுகு முன்னால் கூனும். இறுக்காமல் லேமினெக்டமி மட்டும் செய்வது அந்த நோயில் கூடாத ஒன்று.

இடுப்பில் பெடிக்கிள் ஸ்க்ரூ பெரும்பாலும் 5.5 முதல் 7.5 மி.மீ. விட்டம், 40 முதல் 50 மி.மீ. நீளம். ஸ்க்ரூ நிரந்தரத் தாங்கி அல்ல. இடையில் வைக்கும் எலும்புத் துண்டுகள் வளர்ந்து ஒட்டும் வரைதான் அதற்கு வேலை. ஒட்டவில்லை என்றால் ஸ்க்ரூ தளரும், இல்லையேல் உடையும். புகைப்பவர்களுக்கு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

கழுத்தில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

கழுத்தின் பாரம் செல்லும் வழி வேறு. 1988இல் ஜி.பி.பால், எச்.எச்.ஷெர்க் இருவரும் அளந்து காட்டியபடி, கழுத்தில் இறங்கும் எடையில் சுமார் 36% தான் முன்பக்க உடல் பகுதி வழியாகப் போகிறது; மீதி 64% இரண்டு பக்க ஃபேசெட் தூண்கள் வழியாக. பின்பக்கம் பலவீனமானால் பாரம் முன்னால் தள்ளப்படும், கழுத்து முன்னே மடங்கும். மடங்க மடங்கப் பின்தசைகள் இழுபட்டு இன்னும் பலவீனமாகும். லேமினெக்டமிக்குப் பின் வரும் இந்தக் கூனலைத் திருத்துவது, முதல் ஆபரேஷனைவிடப் பெரிய ஆபரேஷன்.

இதைத் தவிர்க்கத்தான், லேமினாவை எடுக்காமல் கதவுபோல் திறந்துவைக்கும் லேமினோபிளாஸ்டி ஜப்பானில் உருவானது. கால்வாயின் முன்சுவரில் உள்ள தசைநார் எலும்பாக இறுகும் நோய் அங்கே அதிகம். பல மட்டங்களைத் திறக்க வேண்டியிருந்தது. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிராபயாஷி 1977இல் "திறந்த கதவு" முறையைக் கொண்டுவந்தார். முள் நீட்சியை நடுவே பிளந்து இருபக்கமும் விரிக்கும் "இரட்டைக் கதவு" முறை குரோகவாவுடையது.

திறந்த கதவு லேமினோபிளாஸ்டியின் படிகள் என்ன?

கழுத்தின் மூன்றாவது எலும்பான சி3 முதல் சி6 அல்லது சி7 வரை. லேமினாவும், ஃபேசெட்டுகளைத் தாங்கும் பக்கத் திரட்சியும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்ட வேண்டும். நோய்க்குறி அதிகமுள்ள பக்கம் திறக்கும் பக்கம்: 3 மி.மீ. பர்ரால் மெலிதாக்கி, கடைசி உள்தகட்டை 1 மி.மீ. கெரிசனால் வெட்டி முழுதாகப் பிரிக்கிறார்கள். மறுபக்கம் கீல்: வெளித்தகடும் நடுவிலுள்ள பஞ்சு எலும்பும் போக, உள்தகடு நிற்க வேண்டும்.

கீலைச் சோதிப்பதில்தான் அனுபவம் தெரியும். முள் நீட்சியை விரலால் மெல்லத் தள்ளினால், பச்சைக் குச்சி வளைவதுபோல் வளைந்து திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் பள்ளத்தை இன்னும் ஒரு சுற்று மெலிதாக்க வேண்டும். பலவந்தமாகத் தூக்கினால் கீல் உடையும். உடைந்த கீல் லேமினாவைக் கால்வாய்க்குள் சரியவிட்டுத் தண்டுவடத்தையே அமுக்கும். அப்போது கீல் பக்கமும் சிறிய தகடு வைத்துப் பொருத்த வேண்டும். பள்ளம் அதிகம் வெளியே போனால் ஃபேசெட்டுக்குள் நுழைந்துவிடும், அதிகம் உள்ளே வந்தால் கால்வாய் போதுமான அளவு விரியாது.

திறந்த கதவு மீண்டும் மூடிக்கொள்வதும் உண்டு. முன்பு தையலால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது டைட்டானியம் மினி தகடும் சிறிய ஸ்க்ரூக்களும் அதைத் தடுக்கின்றன.

ஆபரேஷன் நன்றாக முடிந்தும் கழுத்து வலிக்கிறதே?

தசை காரணம். சி2 முள் நீட்சியில் ஒட்டும் செமிஸ்பைனாலிஸ் செர்விசிஸ் தசைதான் தலையை நிமிர்த்தி நிறுத்தும் முக்கியத் தசை. அதைச் சி2இலிருந்து அறுத்துவிட்டுப் பிறகு தைத்தாலும் பழைய பலம் வருவதில்லை. சி3ஐத் திறக்க அந்தத் தசை தடையாக இருந்தால், தசையை அறுப்பதற்குப் பதில் சி3இன் லேமினாவை மட்டும் எடுத்துவிடுவது நல்ல வழி. கீழே சி7 முள் நீட்சியில் ட்ரபீசியஸ் முதலான தோள் தசைகள் ஒட்டுகின்றன. தேவையில்லாவிட்டால் சி7ஐ விட்டு சி6இல் நிறுத்தினால் பின்னங்கழுத்து வலி குறைகிறது.

தோளைத் தூக்க முடியாமல் போகும் சி5 பலவீனம் வேறு விஷயம். சுமார் 20 பேரில் ஒருவருக்கு வரக்கூடும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லேமினோபிளாஸ்டி யாருக்குப் பொருந்தாது?

கழுத்து ஏற்கெனவே முன்னே கூனியிருப்பவர்களுக்கு. இந்த முறை வேலை செய்வதே தண்டுவடம் பின்னோக்கி மிதந்து விலகுவதால்தான். கூனிய கழுத்தில் அது முன்சுவரை ஒட்டியே கிடக்கும். அமுங்கிய இடத்தில் கூனல் 13 டிகிரிக்கு மேல் இருந்தால் பலன் குறைவு. பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் சி2, சி7 மட்டங்களில் கால்வாயின் நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு கோடு போடுவார்கள், பெயர் கே-லைன். இறுகிய தசைநார் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னே வந்திருந்தால் முன்பக்க ஆபரேஷனையோ, லேமினெக்டமியோடு பக்கத் திரட்சி ஸ்க்ரூக்களையோ யோசிக்க வேண்டும். அந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 3.5 மி.மீ. விட்டம், 12 முதல் 14 மி.மீ. நீளம். கழுத்து அசைவு குறையும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கால்வாய்க்குள் கட்டி என்றால் முழுதாகத் திறக்க வேண்டாமா?

கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தண்டுவடத்துக்கு வெளியே, டியூராவுக்குள், ஒரு பக்கமாக ஒதுங்கிய ஷ்வான்னோமா, மெனிஞ்சியோமா போன்றவற்றை ஒரு பக்க லேமினாவை மட்டும் எடுத்து அகற்ற முடியும். முள் நீட்சியின் அடியைக் குடைந்தால் நடுக்கோடு வரை இடம் கிடைக்கும். டியூராவைத் திறக்கும் முன் அல்ட்ராசவுண்ட் வைத்துக் கட்டியின் மேல் முனையும் கீழ் முனையும் திறப்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, எலும்பைத் தேவைக்கு மேல் எடுக்காமலிருக்க நல்ல வழி. தண்டுவடத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பல்வடிவத் தசைநாரை வெட்டினால் தண்டுவடம் மெல்லத் திரும்பி இடம் தரும். தண்டுவடத்தை ரிட்ராக்டரால் தள்ளக் கூடாது. உறுதியைக் காக்கிறேன் என்று குறுகிய துளைக்குள் தண்டுவடத்தை இழுத்து வேலை செய்வது பேரத்தில் நஷ்டம். இடம் போதவில்லை என்றால் எலும்பைத் தாராளமாக எடுத்துவிட்டுப் பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கும் எபெண்டிமோமா போன்றவற்றுக்கு நடுக்கோட்டுத் திறப்பு தேவை. அங்கே லேமினாக்களை ஒரே துண்டாக வெட்டித் தூக்கி, முடிவில் திரும்ப வைத்துப் பொருத்துவார்கள். இது 1976இல் ரைமொண்டி குழந்தைகளுக்காக விவரித்த முறை. வெட்டு மெல்லியதாக இருக்க வேண்டும், பர் தின்ற எலும்பு திரும்பக் கிடைக்காது. ஒரு முனையின் தசைநாரை அறுக்காமல் விட்டால் துண்டை மடக்கித் திறந்து, மூடும்போது சரியாக உட்காரவைக்க முடியும்.

குழந்தைகளுக்கு?

வளரும் முதுகில் இதெல்லாம் பல மடங்கு முக்கியம். கழுத்திலும் கழுத்து-மார்புச் சந்திப்பிலும் லேமினெக்டமி செய்த குழந்தைகளுக்குக் கூனல் வரும் வாய்ப்பு மிக அதிகம், மார்பில் நடுத்தரம், இடுப்பில் குறைவு. கதிர்வீச்சும் சேர்ந்தால் எலும்பின் வளர்ச்சி சீராக இருக்காது. லேமினாவைத் திரும்ப வைத்தாலும் கண்காணிப்பை விடக் கூடாது: முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நின்ற எக்ஸ்-ரே, பிறகு வளர்ச்சி முடியும் வரை வருடம் ஒருமுறை என்பது நியாயமான ஒழுங்கு. குழந்தைக்கு வலி இல்லை என்பதால் நிறுத்திவிடும் பெற்றோர் பலர். கூனல் வலிக்காமல்தான் தொடங்கும்.

மார்பு முதுகில் விலா எலும்புகள் தாங்குமே?

தாங்கும், அதனால் ஓரளவு சலுகை உண்டு. சந்திப்புகளில் சலுகை கிடையாது. சி7-டி1 (கழுத்தும் மார்பும் சேருமிடம்), டி12-எல்1 (மார்பும் இடுப்பும் சேருமிடம்) இரண்டும் அசையும் முதுகு அசையாத முதுகோடு சேரும் இடங்கள். அவற்றைத் தாண்டிப் பல மட்டம் லேமினெக்டமி செய்தால் ஸ்க்ரூவைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தண்டுவடத்தின் முன்னால் துருத்தும் மார்பு டிஸ்க்கை, பின்னால் லேமினாவை மட்டும் திறந்து எடுக்க முயன்ற காலத்தில் கால்கள் செயலிழந்தவர்கள் பலர். இன்று பெடிக்கிள் வழியாகவோ விலா எலும்பின் பக்கமிருந்தோ முன்னிருந்தோதான் போகிறார்கள்.

தசையைக் காக்க வேறென்ன செய்கிறார்கள்?

ரிட்ராக்டரை 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்தி ரத்தம் ஓடவிடுவது, காட்டரியைக் குறைப்பது, ஃபேசெட்டைச் சுற்றி வரும் நரம்புக் கிளையை அறுக்காமலிருப்பது. அந்தக் கிளைதான் முதுகெலும்பை ஒட்டியுள்ள மல்டிஃபிடஸ் தசையை இயக்குகிறது. அது போனால் தசை கொழுப்பாக மாறுவது பின்னாளில் எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட் போட வேண்டுமா? எவ்வளவு நாள் குனியக் கூடாது?

ஸ்க்ரூ இல்லாத இடுப்பு விடுவிப்பில் பெல்ட் அவசியமில்லை. அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்கலாம். ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்காமல், குனிந்தபடி உடம்பைத் திருப்பாமல் இருந்தால் போதும். குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதும், தரையில் குந்தி எழுவதும் இந்தக் கணக்கில் வரும். லேமினோபிளாஸ்டிக்குப் பின் காலரை நீண்ட நாள் போட்டால் தசைதான் மெலியும். மருத்துவர் சொன்ன நாளோடு கழற்றிவிட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, கால் பலம் திடீரெனக் குறைவது, காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிவது, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஆபரேஷன் குறிப்பின் நகல். அதில் எந்த மட்டம், எந்தப் பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஃபேசெட்டில் எவ்வளவு எடுக்கப்பட்டது, பார்ஸ் முழுதாக இருக்கிறதா, டியூரா கிழிந்து தைக்கப்பட்டதா என்பவை எழுதியிருக்க வேண்டும். ஸ்க்ரூ போட்டிருந்தால் அதன் உலோகமும் அளவும் ஒட்டிய ஸ்டிக்கரும். ஆறு வாரம் கழித்து நின்றபடி எடுக்கும் எக்ஸ்-ரேயையும், ஆபரேஷனுக்கு முன் எடுத்ததையும் ஒரே கவரில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் இடுப்பு வலி என்று போனால், அவருக்கு முதலில் வேண்டியது அந்தக் கவர்தான்.